நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

செல்லிப்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனாருக்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பதில்தான் இது.

என் மகளை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்த நாள் அது. கீமோ ஏற்றும் பகல் வார்டுக்கு வெளியே உள்ள நீளமான பெஞ்சில் அவர் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா என்னைக் காட்டி, "இவரு பொண்ணுக்கும் உங்க பையனுக்கு வந்த அதே நோய்தான். நாலு வார்த்த கேட்டுக்குங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் நகர்ந்து என் பக்கத்தில் வந்து, "எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

புது மனிதர்களிடம் பேசுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே வராது. "நல்லாயிடுங்க" என்றேன். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது என் மகள் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ ஆசையா கேட்டாரு அந்த மாமா. நீ இன்னாப்பா, டீய வாங்கிக் குடுத்துட்டு ஓடியாந்துட்ட. வாயால சொல்ல வரலன்னா எழுதிக் குடு. அடுத்த தடவ குடுத்துக்கலாம்."

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துப் பிழைகளை அவள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் கை வைக்கவில்லை.

என் பெயர் ஏழுமலை. கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் ஊர். குத்தகை நிலத்தில் நெல் வைக்கிறேன். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் டிராக்டர் ஓட்டுகிறேன். ஊரில் கபடிப் போட்டி நடந்தால் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் நான்தான். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுக் குனிந்தபடியே போகலாம், யாரிடமும் பேச வேண்டாம் என்பதால் நானே எடுத்துக்கொண்டேன்.

கௌசல்யா எங்கள் ஒரே பிள்ளை. கௌசி என்று கூப்பிடுவோம். நோய் வந்தபோது பதினொன்றாம் வகுப்பு. ஊர்ப் பெண்கள் கபடி அணியில் அவள்தான் ரெய்டு போகிறவள். எதிரணிக்குள் தனியாகப் போக வேண்டும். போய்த் திரும்பும்வரை "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைப் பாட்டு என்போம். ஆளைத் தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்கு வந்துவிட்டால் பாயிண்ட். நடுவில் பாட்டு நின்றால் அவுட். கௌசியின் பாட்டு நீளமானது. எதிரணிப் பெண்கள் அவள் மூச்சு தீரட்டும் என்று காத்திருந்து அலுத்துப் போவார்கள்.

அந்தப் பாட்டு முதலில் நின்றது காணும் பொங்கல் போட்டியில். மதியம் மூன்றாவது ரெய்டு. இடது மூலையில் ஒரு பெண்ணைத் தொடப் போனவள் பாதியில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். அம்பயர் விசில் அடித்தார். திரும்பி வந்தவளிடம் அவள் தோழி பவித்ரா, "இன்னாடி, கரும்பு தின்ன வாய் தூங்கிடுச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அடுத்த ரெய்டிலும் அப்படியே ஆனது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் முருகவேல். பகலில் கம்பெனி வேலை, மாலையில் மைதானம். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். "தம்மு கொறஞ்சிடுச்சிமா, பாடிக்கினே நட" என்று அவளை மோட்டார் கொட்டகைக்கும் ரோட்டுக்கும் இடையில் பாடிக்கொண்டே நடக்க வைத்தார். கௌசியும் நடந்தாள். இருமல் வந்தது. மெடிக்கலில் இருமல் மருந்து வாங்கினோம். பிறகு கழுத்தின் வலது பக்கம் ஒரு வீக்கம் தெரிந்தது. நெல்லிக்காய் அளவு, தொட்டால் வலி இல்லை.

ஓயாமல் பாடியதால் கழுத்து நரம்பு தடித்துவிட்டது என்று மாஸ்டர் சொன்னார். அது எங்களுக்கு நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. கபடி ஆடும் ஊர் எங்கள் ஊர். பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், தங்களுக்கும் அந்தக் காலத்தில் அப்படித் தடித்திருந்தது என்று தொட்டுக் காட்டினார்கள். விளக்கெண்ணெயைச் சூடு செய்து போட்டோம். பாட்டுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தோம். கட்டி போகவில்லை. இரவில் அவள் சட்டை பிழிகிற மாதிரி வியர்த்தது. காரணமே இல்லாமல் கால்களைச் சொறிந்துகொண்டாள். எடை குறைந்தது. அதன் பிறகுதான் பாகூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நெஞ்சின் நடுவில் வெள்ளையாக ஒன்று அகன்று இருந்தது.

"இது மூச்சுக் குழாய அழுத்துது. அதான் பாட்டு நிக்குது" என்றார். அன்றே புதுச்சேரியில் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கழுத்துக் கட்டிக்கு எங்கள் பக்கம் முதலில் சொல்லப்படுவது டிபி. டிபி என்றால் ஊரில் வெளியே சொல்ல மாட்டார்கள். நானும் என் மனைவி அஞ்சலாட்சியும் அது டிபியாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். வரிசையில் நிற்கும்போது அவள் என் காதில், "டிபின்னா மாத்திரையில போயிடும்ல?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

கட்டியிலிருந்து சிறு துண்டு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வார்டில் இருந்தோம். ஐயா, உங்களுக்கும் இது நடந்திருக்கும். நோயை விடக் கொடுமை அந்தக் காத்திருப்பு. யார் பேர் கூப்பிட்டாலும் நம் பேர் மாதிரி கேட்கும். பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்க முடியாது. நான் வெளியே வராந்தாவில் மற்ற ஆண்களோடு பேப்பர் விரித்துப் படுத்தேன். அங்கே யாரும் யாருடைய நோயையும் கேட்பதில்லை. கொசுவத்தியை மட்டும் நடுவில் நகர்த்தி வைப்பார்கள். பேசத் தெரியாத எனக்கு அந்த இடம் ஒத்துப் போயிற்று.

முடிவைச் சொன்னது ஒரு பெண் டாக்டர். வயது குறைவுதான். அவர் கௌசியை வெளியே அனுப்பவில்லை. அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"கால்ல முள்ளு குத்துனா தொடை இடுக்குல நெறி கட்டும் இல்ல? அந்த நெறி உடம்பு பூரா இருக்கு. கழுத்துல இருக்கு, அக்குள்ல இருக்கு, நெஞ்சுக்குள்ள இருக்கு. கிருமிய எதிர்த்துச் சண்ட போடற எடம் அது. அந்த நெறியிலயே வர்ற புற்றுநோய் இது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமான்னு பேரு."

புற்றுநோய் என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு அஞ்சலாட்சிக்கு எதுவும் கேட்கவில்லை. டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார்: "புற்றுநோய்லயே நல்லா மருந்துக்குக் கட்டுப்படற நோய் இது. உங்க பொண்ணு வயசுக்காரங்க நிறைய பேர் குணமாகிப் போயிருக்காங்க. குணப்படுத்தணும்னுதான் ஆரம்பிக்கிறோம்."

கௌசி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தம்மு திரும்ப வருமா மேடம்?"

டாக்டருக்குப் புரியவில்லை. கபடி, பாட்டு, மூச்சு என்று அவளே விளக்கினாள். டாக்டர் மறைக்காமல் சொன்னார். நான்கு மருந்துகள் சேர்த்து ஏற்றுவார்கள். அதனால் கட்டி சுருங்கும், மூச்சுக் குழாய் விடுபடும். ஆனால் அந்த நான்கில் ஒன்று சிலருக்கு நுரையீரலைக் கெடுக்கும். அதனால் அடிக்கடி மூச்சை அளந்து பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள்.

"அப்ப தம்மு வருமா வராதான்னு இப்ப சொல்ல முடியாது" என்றாள் கௌசி.

"முடியாதும்மா. உயிர முதல்ல காப்பாத்துவோம். தம்மையும் கண்ல வெச்சுக்குவோம்."

அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு பயம். பிள்ளை பிழைப்பாளா என்பது எங்கள் இருவருக்கும். பிழைத்தால் பாட்டு இருக்குமா என்பது அவளுக்கு. அவள் தன்னுடையதை வாய்விட்டுச் சொன்னாள். நாங்கள் எங்களுடையதைச் சொல்லவில்லை.

கீமோ என்பதைக் கேட்டே நடுங்கியவர்களில் நானும் ஒருவன். பார்த்தால் குளுக்கோஸ் பாட்டில் மாதிரிதான் இருக்கிறது. கையில் மெல்லிய குழாய் வைத்து, ஒன்றன் பின் ஒன்றாக ஏற்றுகிறார்கள். அதில் ஒன்று ரோஸ்மில்க் மாதிரி சிவப்பு. அது ஏறிய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சொல்லியும் அஞ்சலாட்சி பயந்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போக வேண்டும். காலையில் போனால் மாலையில் வீடு. வாந்தி இரண்டு மூன்று நாள் இருக்கும். நாக்கில் எல்லாமே துருப்பிடித்த ஆணி மாதிரி ருசிக்கிறது என்பாள். தாளிக்கிற வாசனை வந்தால் ஓடுவாள். எங்கள் வீட்டில் பல மாதம் தாளிப்பே இல்லை. நானும் தாளிக்காத குழம்புக்குப் பழகிவிட்டேன்.

முடி கொட்டியதைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அஞ்சலாட்சி அவளுக்கு மொட்டை அடிப்பதாகக் குலசாமிக்கு வேண்டியிருந்தாள். கௌசி தலையைத் தடவிக்கொண்டு, "சாமி வரவரைக்கும் காத்துனு இருக்கல பாரு, மருந்து முந்திக்கிச்சு" என்றாள். அவள் அம்மா சிரித்துவிட்டுப் பிறகு அழுதாள்.

மருந்துகளில் பெரும்பாலானவை மருத்துவமனையிலேயே கிடைத்தன. வெளியே எடுத்த பெரிய ஸ்கேனுக்கு அஞ்சலாட்சியின் தோடு போயிற்று. காசைப் பற்றி இவ்வளவு போதும். எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல் வருகிறது.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. மருந்து கட்டியை அடிக்கும்போது நல்ல அணுக்களையும் சேர்த்து அடிக்கும். வெள்ளை அணு இல்லையென்றால் சாதாரணச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும். டாக்டர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. வீட்டில் கௌசி எனக்கு விளக்கினாள்.

"அப்பா, டிஃபென்டருங்க எல்லாம் அவுட்டாயி வெளிய உக்காந்துனு கீறாங்க. கோர்ட்ல ஆளே இல்ல. இப்ப எவன் ரெய்டு வந்தாலும் பாயிண்டுதான்."

ஒரு வாரம், பத்து நாள் யாரும் அவளைத் தொடக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது என்றார் டாக்டர். பழம் நறுக்கிக் கொடுக்காதீர்கள், பூ வைக்காதீர்கள் என்றும் சொன்னார். ஒவ்வொரு மருந்துக்குப் பிறகும் இப்படித்தான் இருக்கும்.

எங்கள் ஊரில் இது நடக்கிற காரியமா? ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வீட்டை எட்டிப் பார்க்காதவர்கள் மனிதர்களே இல்லை. ஆரஞ்சும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. முதல் மருந்துக்குப் பிறகு அப்படித்தான் எங்கள் வீடு நிறைந்தது. இப்போது வருகிறவர்களிடம் "உள்ளே வராதீர்கள்" என்று சொல்ல வேண்டும். யார் சொல்வது? அஞ்சலாட்சி உள்ளே பிள்ளையோடு இருக்கிறாள். வாசலில் நான்தான். என்னால் "வாங்க" என்று சொல்வதே பெரிய பாடு.

அன்று மாலை பாகூர் கடைத்தெருவில் ஜாபர் பாய் கடைக்குப் போனேன். கபடிக்குச் சுண்ணாம்பு வாங்குகிற கடை அது.

"இப்ப ஏது மேட்ச்சு ஏழுமல?" என்றார் பாய்.

அவரிடம் மட்டும் எப்படியோ சொன்னேன். வீட்டு வாசலில் ஒரு கோடு போடப் போகிறேன், அதற்கு இந்தப் பக்கம் யாரும் வராமல் இருந்தால் போதும் என்று. அவர் சுண்ணாம்பை நிறுத்துக் கட்டினார்.

தூள் பறக்கக் கூடாது என்று தண்ணீரில் குழைத்து, தென்னை மட்டையால் போட்டேன். வாசற்படியிலிருந்து பத்து எட்டு தள்ளி, இந்தச் சுவரிலிருந்து அந்த வேலி வரை. மைதானத்தில் போடுகிற அதே அகலம். எதிர்வீட்டுக்காரர், "இன்னாபா, கோலம் போடற வேலயும் நீயே எடுத்துக்கினியா?" என்றார். நான் குனிந்தபடியே இருந்தேன்.

மறுநாள் காலையில் முதலில் வந்தது கடலூரிலிருந்து அஞ்சலாட்சியின் அண்ணி. கையில் இரண்டு பை. நான் கோட்டைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முகம் மாறியது.

"ஏ அஞ்சலாட்சி, உன் வூட்டுக்காரரு வாசல்ல கோட்டப் போட்டு நிக்க வெக்கிறாரே, நாங்க இன்னா தீட்டோட வந்துக்கிறமா? எங்க கை பட்டா பொண்ணுக்கு ஆவாதா?"

எங்கள் ஊரில் கோடு போட்டு ஆளை நிறுத்துவது லேசான விஷயமில்லை. அவர் கோபம் நியாயம்தான். பக்கத்து வீடுகளிலிருந்து நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் கோட்டை நானே காலால் அழித்திருப்பேன்.

அப்போது பவித்ரா சைக்கிளில் வந்தாள். இறங்கினாள், கோட்டைப் பார்த்தாள், வாசற்படியில் முகக்கவசத்தோடு நிற்கும் கௌசியைப் பார்த்தாள். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கமே, ஆளைப் பிடிக்க நிற்கிற மாதிரி குனிந்து கையை விரித்தாள்.

"அத்த, இது நடுக்கோடு. அந்தாண்ட நம்ம பொண்ணு ஒரே ஆளு நிக்குது. இந்தாண்ட நாம இவ்ளோ பேரு. யாரு போயித் தொட்டாலும் அவ அவுட்டு. நம்ம ஆள நாமளே அவுட்டாக்கலாமா?"

அண்ணி அவளையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தொட்டா இன்னாடி ஆவும்?"

"அவளுக்கு ரத்தத்துல டிஃபென்டரே இல்ல அத்த. நீங்க பஸ்ல வந்தீங்களே, எத்தினி பேரு இருமுனாங்க? அதெல்லாம் உங்க கூடவே ரெய்டு வந்துக்கிது. இங்கயே குந்துங்க. பேச வாய் போதாதா உங்களுக்கு?"

"வாயா, எனக்கா?" என்றார் அண்ணி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அப்படியே கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார். மதியம் பஸ் வரும்வரை பேசினார். கிளம்பும்போது காற்றிலேயே கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டி வரவில்லை. தெரியாமல் காலை வைக்கப் போனவர்களை மற்றவர்களே, "கோடு, கோடு" என்று இழுத்துப் பிடித்தார்கள். ஜாபர் பாய் தன் மனைவியோடு வந்தார். கோட்டுக்கு வெளியே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வேலிப் பக்கம் வளஞ்சிக்கிது ஏழுமல. என் கட சுண்ணாம்புன்னு வெளிய சொல்லாத" என்றார். கௌசி அன்று சத்தமாகச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வரவில்லை என்பதை அஞ்சலாட்சிதான் கவனித்தாள். கட்டி சுருங்கத் தொடங்கியிருந்தது.

மாலையில் அணிப் பெண்கள் வந்து உட்காருவார்கள். ஒருநாள் காலையில் மூச்சுப் பரிசோதனைக்குப் போய் வந்திருந்தோம். மூக்கைக் கிளிப் போட்டு மூடி, ஒரு குழாயை வாயில் வைத்து, இழுத்த மூச்சையெல்லாம் ஊத வேண்டும். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அது முன்பு ஏறிய உயரத்துக்கு ஏறவில்லை. இரத்தம் குறைவாக இருப்பதாலும் இருக்கலாம், மருந்தாலும் இருக்கலாம், பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"எனக்கு இனிமே பாட்டு வராதுடி" என்றாள் கௌசி அன்று மாலை.

பவித்ரா எழுந்து பாவாடையைச் சொருகிக்கொண்டாள். "செரி. நீ அங்கயே குந்திக்கினு பாடு. நான் போறன்."

எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் புரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் தெருவில் நான்கு பெண்கள் கைகோத்து நின்றார்கள். வாசற்படியில் உட்கார்ந்தபடி கௌசி "கபடி கபடி" என்று தொடங்கினாள். அவள் மூச்சில் பவித்ரா ரெய்டு போனாள். நான்கு எட்டு வைப்பதற்குள் பாட்டு நின்றது. பவித்ராவும் அப்படியே சிலை மாதிரி நின்று, "அவுட்டு" என்று கையைத் தூக்கினாள். "உன்னால எனக்கு அவுட்டுடி. நாளைக்கு ஒழுங்கா பாடு."

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். மருந்து ஏற்றிய இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவார்கள், பிறகு வந்துவிடுவார்கள். பவித்ரா மட்டுமில்லை, ஆளுக்கு ஒரு முறை அவள் மூச்சில் போனார்கள். மாஸ்டர் அதையே பயிற்சியாக ஆக்கிவிட்டார். குட்டையான பாட்டுக்குள் போய்த் தொட்டுத் திரும்பப் பழகியதால் அணியே வேகமாகிவிட்டது என்று பிற்பாடு சொன்னார். டாக்டரிடம் இதைக் கேட்டோம். களைப்பு வரும்வரை பாடலாம், தலை சுற்றினால் நிறுத்த வேண்டும் என்றார்.

நடுவில் ஒரு முறை காய்ச்சல் வந்தது. வெள்ளை அணு குறைந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது. உடனே கிளம்பிவிட வேண்டும். இதை மறக்காதீர்கள். அப்போது ஒரு வாரம் வார்டில் இருந்தோம். இரண்டு பாட்டில் ரத்தம் தேவைப்பட்டது. ஊர்ப் பையன்கள் காலைப் பயிற்சியிலிருந்து அப்படியே பனியனோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ரத்த வங்கியில் இருந்தவர், "இன்னா தம்பிங்களா, டோர்னமென்ட்டா?" என்று கேட்டார். அவர்களில் பெரிய உடம்புக்காரன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். அவனுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். இன்றுவரை ஊரில் அவனை விடவில்லை.

அந்த வாரம் என் நெல் அறுப்புக்கு நின்றிருந்தது. திரும்பி வந்தபோது அறுத்து, காயவைத்து, மூட்டை கட்டி வீட்டின் பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். யார் செய்தது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

பாதி மருந்து முடிந்ததும் பெரிய ஸ்கேன். சர்க்கரை கலந்த ஒரு மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். நோய் உயிரோடு இருக்கும் இடம் படத்தில் விளக்கு மாதிரி எரியும். முதல் படத்தில் அவள் கழுத்தும் நெஞ்சும் எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த முறை டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டாவதில் அந்த இடங்கள் இருட்டாக இருந்தன.

"அணைஞ்சிடுச்சு" என்றார் டாக்டர். "இனிமே திரும்ப வராம இருக்கத்தான் மிச்ச மருந்து. அதுல ஒன்ன நிறுத்திடறேன்."

"தம்முக்கு ஆவாத மருந்தா மேடம்?" என்றாள் கௌசி.

"அதேதான். கண்ல வெச்சுக்குவோம்னு சொன்னேன்ல?"

கௌசி என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். முடி இல்லாத தலை. அந்தச் சூடு இன்னும் என் தோளில் இருக்கிறது.

மிச்ச மருந்துகளும் முடிந்தன. கடைசி ஸ்கேனும் இருட்டாகவே வந்தது. சில ஆண்டுகளுக்குப் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் இனி யாரும் தள்ளி நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் கோட்டைப் புதுப்பிப்பதை நிறுத்தினேன். மழை வந்து கரைத்தது. அப்படியும் ஊர்க்காரர்கள் கோடு இருந்த இடத்தில் வந்து நின்றார்கள். "உள்ள வாங்க" என்று நானே வாய்விட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டேன்.

கௌசி மைதானத்துக்குப் போக மூன்று மாதம் ஆனது. மூச்சுப் பரிசோதனைக் கோடு மெல்ல மெல்ல ஏறியது. லேசாக ஆடலாம் என்று டாக்டர் சொன்ன வாரம், மாஸ்டர் என்னிடம் வந்து, "கோடு போடணும்பா" என்றார். போட்டேன். இந்த முறை வளையவில்லை.

அஞ்சலாட்சி மைதான ஓரத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கௌசி நடுக்கோட்டில் நின்றாள். தலையில் குட்டை முடி முளைத்து, காக்காய்க் குஞ்சு மாதிரி இருந்தாள். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடத் தொடங்கினாள். கோட்டைத் தாண்டினாள். இத்தனை மாதம் மற்றவர்கள் காலோடு போன பாட்டு, இப்போது அவள் காலோடு போயிற்று. வலது மூலைக்குப் போனாள். திரும்பினாள். இடது மூலைக்கு வந்தாள். பாட்டு நிற்கவில்லை. அங்கே பயிற்சிக்காக எதிரணியில் நின்ற பவித்ராவைத் தொடக் கையை நீட்டினாள்.

பவித்ரா இரக்கமே பார்க்கவில்லை. கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டாள். கூட நின்ற மூன்று பேரும் மேலே விழுந்தார்கள். அஞ்சலாட்சி "ஐயோ" என்று எழுந்தாள். புழுதிக்குள்ளிருந்து பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அம்பயராக நின்ற மாஸ்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்து நின்றார். கடைசியில் அவள் தானாகத்தான் நிறுத்தினாள்.

"பாட்டு நின்னுச்சா?" என்று அடியில் இருந்தபடி கேட்டாள்.

"நிக்கல" என்றாள் பவித்ரா. "ஆனா நீ அவுட்டுடி."

கௌசி எழுந்து வந்தபோது சட்டை முழுக்க நான் போட்ட சுண்ணாம்பு. அவள் அம்மா அதைத் தட்டிவிடப் போனாள். கௌசி வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டாள்.

செல்லிப்பட்டு ஐயா, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். நான் எதையும் சமாளிக்கவில்லை. ஒரு கோடு போட்டேன். மற்றதையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் செய்தார்கள். உங்கள் மகனுக்கும் வெள்ளை அணு குறையும் நாட்கள் வரும். வருகிறவர்களிடம் சொல்ல உங்களுக்கும் கூச்சமாக இருந்தால், வாசல் எவ்வளவு அகலம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். சுண்ணாம்பும் கயிறும் நான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.